"ஐ.சி. போச்சுலே!"

1989-இல் வந்த நிண்டெண்டோ கேம்பாய்க்குப் புது டிஸ்ப்ளே மாட்டியதும் கேம் ஓடவில்லையா? உடனே "ஐ.சி. போச்சுலே" என்று சால்டரிங் அயர்னைத் தூக்குவதை நான் ஒப்பமாட்டேன். முதலில் திரையைப் பாருங்கள். கம்பெனிப் பெயர் வரவேண்டிய இடத்தில் கறுப்புப் பட்டை இறங்கி நிற்கிறதா? அப்படியென்றால் பிராசஸரும் டிஸ்ப்ளேயும் உயிரோடுதான் இருக்கின்றன! கார்ட்ரிட்ஜில் உள்ள 48 பைட் லோகோவைத் தன்னிடம் உள்ளதோடு ஒப்பிட்டிருக்கிறது, பொருந்தவில்லை, நின்றுவிட்டது. சாத்தான்குளம் பக்கத்து உப்புக் காத்துக்குக் காண்டாக்டில் களிம்பு ஏறுவது அதிசயமா? ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்துப் பாருங்கள். திரையே வரவில்லையென்றால், நாலு பேட்டரியின் 6 வோல்ட்டை சுவிட்ச் போட்ட நிலையில் அளக்கணும். புது டிஸ்ப்ளேயின் பேக்லைட் கூடுதல் கரண்ட் இழுக்கும். பழைய செல் தாங்காது. பிராக்டிக்கலில் எப்போதும் ஓடுகிற சர்க்யூட்டையே தருகிறார்கள். ஓடாத ஒன்றையும் கையில் கொடுத்து மார்க் போடட்டுமே!