எப்படிச் சொல்வது இதை?

சென்ற இதழில் அடுப்பங்கரை எறும்பைப் பற்றிப் பேசினோம். இந்தத் தடவை எறும்பைவிடச் சின்ன விஷயம்தான். ஆனால் வாய்விட்டுச் சொல்வதற்குள் உயிர் போய்விடும். வேர்வை நாற்றத்தைச் சொல்கிறேன். அதுவும் நம்முடையது இல்லை, பக்கத்தில் நின்று வேலை செய்கிறவருடையது!

பல்லிடுக்கில் கீரை ஒட்டியிருந்தால் சட்டென்று ஜாடை காட்டுகிறோம். புடவைத் தலைப்பு தரையில் புரண்டால், முன்பின் தெரியாதவரிடம்கூட, "ஏங்க, தலைப்பு!" என்கிறோம். "உங்கள் மேல் வாடை வருகிறது" என்பதற்கு மட்டும் நாக்கு எழும்புவதில்லை. அது அந்த மனுஷியையே அசிங்கம் என்று சொன்ன மாதிரி ஆகிவிடுகிறது. போதாததற்கு, அவர் என்ன சாப்பிடுகிறவர், எந்தத் தெரு, என்ன ஜாதி என்று பேச்சு எங்கெங்கோ போய் நிற்கும். கேட்கிறவருக்குச் சுருக்கென்று தைக்காமல் என்ன செய்யும்?

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்வோம். வேர்வைக்குத் தனியாக நாற்றம் கிடையாது என்றே சொல்லலாம். உடம்பெங்கும் 20 முதல் 40 லட்சம் வேர்வைச் சுரப்பிகள் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை விடுவது தண்ணீரும் உப்பும்தான். அக்குளிலும் தொடையிடுக்கிலும் வேறொரு வகைச் சுரப்பி உண்டு. பிள்ளைகள் பருவமடையும் வயசில்தான் அது வேலையைத் தொடங்கும். அதிலிருந்து கசிவதைத் தோலிலிருக்கும் பாக்டீரியாக்கள் சிதைக்கும்போது வாடை கிளம்புகிறது. குழந்தை எவ்வளவு ஓடியாடினாலும் வராத வாடை, 12 வயசில் திடீரென்று வருவது இதனால்தான்.

அடுத்தது மூக்கின் குணம். ஒரே வாடையைச் சில நிமிஷம் முகர்ந்தால் மூக்கு அதைக் கண்டுகொள்வதை விட்டுவிடும். கருவாட்டுக் குழம்பு கொதிக்கிற வீட்டில் இருப்பவருக்கு ஒன்றும் தெரியாது, வாசலில் நுழைகிறவருக்குத்தான் தெரியும். அப்படித்தான் தன் வாடை தனக்குத் தெரியாமல் போகிறது. "தெரிந்தும் அலட்சியமாக இருக்கிறாள்" என்று நாம் நினைப்பது பெரும்பாலும் அநியாயம்.

எங்கள் மாடிப் போர்ஷனில் இருக்கும் பெண் ஒரு ஜவுளிக்கடையில் புடவை செக்‌ஷனில் வேலை பார்க்கிறாள். போன ஐப்பசி மழையில் ஒரு நாள் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தாள். அவளோடு ஒரே கவுன்ட்டரில் நிற்கும் பெண்ணிடம் கொஞ்ச நாளாக வாடையாம். மற்றவர்கள் மூக்கைப் பொத்திச் சிரிப்பதும், வேண்டுமென்றே ஊதுபத்தி ஏற்றுவதுமாக இருந்தார்கள். அன்றைக்கு யாரோ அவள் டிபன் பைக்குள் ஒரு சோப்புக் கட்டியை வைத்துவிட்டார்கள். மத்தியானம் அவள் சோற்றையே தொடவில்லை. "கஸ்டமர் முகம் சுளிக்கிறாங்க, ஆளை நிறுத்திடலாமா?" என்று சூப்பர்வைசர் பேச ஆரம்பித்துவிட்டாராம். அந்தப் பெண் அனுப்பும் பணத்தில்தான் ஊரில் அம்மாவுக்கு மருந்து.

"சொன்னாலும் பாவம், சொல்லாட்டியும் பாவம். நான் என்னக்கா செய்யட்டும்?" என்றாள்.

"சொல்லு. ஆனால் தனியாகச் சொல்லு. நாலு பேர் கூடிப்போய் நிற்காதே" என்றேன்.

மறுநாள் கடை மூடியதும் பஸ் ஸ்டாப் வரை கூடவே நடந்து போய்ச் சொல்லியிருக்கிறாள்: "உன்கிட்ட ஒண்ணு சொல்லணும், தப்பா எடுத்துக்காதே. கொஞ்ச நாளா உன் டிரெஸ்ல ஒரு வாடை வருது. நமக்கு நம்ம வாடை தெரியாது. எனக்கு இப்படின்னா நீ சொல்லணும்னுதான் நினைப்பேன்."

அந்தப் பெண் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டாளாம், "சோப்பு வெச்சது நீயா?"

"நானா இருந்தா இப்படி நேர்ல வந்து சொல்லிக்கிட்டு இருப்பேனா?"

அப்புறம்தான் அழுகையும் பேச்சும் ஒன்றாக வந்திருக்கின்றன. தினம் இரண்டு வேளை குளிக்கிறவள் அவள்! ஹாஸ்டலில் ஓர் அறைக்கு எட்டுப் பேர். கடை கொடுத்த யூனிஃபார்ம் இரண்டே செட், இரண்டும் பாலியெஸ்டர். இரவு பத்து மணிக்கு மேல் துவைத்து, அறைக்குள்ளேயே கொடியில் போட்டு, காலையில் ஈரம் காயாமலேயே உடுத்திக்கொண்டு ஓட வேண்டும். பாலியெஸ்டர் வேர்வைப் பிசுக்கை விடாமல் பிடித்துவைத்துக்கொள்ளும். பருத்தியைவிட அதில் வாடை அதிகம். மழை வேறு. குற்றம் உடம்பில் இல்லை, ஜாக்கெட்டில்!

பிறகு இரண்டு பேருமாகப் போய்ச் சூப்பர்வைசரிடம் இன்னொரு செட் கேட்டு வாங்கினார்கள். உள்ளே போட்டுக்கொள்ளப் பருத்தி பாடீஸ் வாங்கினாள். வாரத்தில் இரண்டு நாள் அவள் துணிகளும் எங்கள் மொட்டை மாடியில்தான் காய்கின்றன.

ஆகவே, சொல்ல நேர்ந்தால் இவற்றை மனசில் வையுங்கள்:

* அவரோடு பழக்கமுள்ள ஒரே ஒருவர் சொன்னால் போதும். பெண்ணுக்குப் பெண் சொல்வது உத்தமம்.

* வேலை முடிகிற நேரத்தில் சொல்லுங்கள். காலையில் சொன்னால் நாள் முழுக்கக் கூனிக் குறுகிப்போவார்.

* "எல்லாரும் பேசிக்கிறாங்க" என்ற வார்த்தை வேண்டவே வேண்டாம். "எனக்குத் தெரிந்தது" என்பதோடு நிறுத்துங்கள்.

* மொட்டைக் கடுதாசி, சோப்பு, சென்ட் பரிசு, ஜாடைப் பேச்சு எதுவும் கூடாது. யார் செய்தது என்று தெரியாமல் எல்லாரையும் சந்தேகப்பட வைக்கும்.

* ஒரு தரம் சொன்னால் போதும். சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுங்கள். மறுநாள் எப்போதும்போலப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுங்கள்.

"என்னதான் செய்ய?" என்று அவர் கேட்டால் சொல்லச் சில யோசனைகள். அக்குளைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்த பிறகே ஜாக்கெட் போட வேண்டும். அங்கே முடியை எடுத்துவிட்டால் வாடை குறையும். ஜாக்கெட்டை உள்புறம் வெளியே வரத் திருப்பி, சமையல் சோடா கலந்த தண்ணீரில் அரை மணி ஊறவைத்துத் துவைத்து வெயிலில் போடலாம். டியோடரன்ட் என்பது வாடையை அடக்குவது. ஆன்ட்டிபெர்ஸ்பிரன்ட் அலுமினிய உப்பு சேர்ந்தது, வேர்வையையே குறைப்பது. அதை இரவில், உலர்ந்த அக்குளில் தடவினால் பலன் கூடும். பழைய வேர்வைக்கு மேல் சென்ட் அடித்தால் இரண்டும் கலந்து தலையைத்தான் வலிக்கும். எலுமிச்சைச் சாற்றைத் தேய்த்துக்கொண்டு வெயிலில் போகாதீர்கள், தோல் எரிந்து கறுத்துவிடும்.

எவ்வளவு சுத்தமாக இருந்தும் போகவில்லை, அல்லது திடீரென்று வேர்வை அதிகமாகிவிட்டது என்றால் டாக்டரிடம் போவதே சரி. தைராய்டு கூடுதலாகச் சுரந்தாலும், மாதவிலக்கு நிற்கும் வயசிலும், சில மாத்திரைகளாலும் வேர்வை கூடும். இரவில் உடம்பு நனைய வேர்த்து, காய்ச்சலும் எடைக் குறைவும் சேர்ந்தால் தள்ளிப் போடாதீர்கள். அபூர்வமாகச் சிலருக்கு மீன் வாடை போல வரும். உணவிலிருந்து உண்டாகும் ஒரு பொருளை உடம்பால் மாற்ற முடியாத, பெரும்பாலும் பிறவியிலேயே வரும் குறை அது. சோப்பு மட்டும் தேய்த்து அதைப் போக்க முடியாது.

இளம் தாய்மார்களுக்கும் ஒரு வார்த்தை. பிரசவமான முதல் சில வாரங்கள் இரவில் வேர்த்துக் கொட்டுவது சகஜம். கர்ப்பத்தில் சேர்ந்த நீரை உடம்பு வெளியேற்றுகிறது. பால் கசிந்த துணியும் புளித்த வாடை அடிக்கும். மாற்றுத் துணி கையில் கொடுப்பதுதான் வீட்டிலிருக்கும் பெரியவர்கள் செய்ய வேண்டியது, முகம் சுளிப்பது இல்லை. அதற்காகத் தாய் சென்ட்டும் பவுடருமாகப் பூசிக்கொள்ள வேண்டாம். பிறந்த குழந்தை தன் தாயை அறிந்துகொள்வதில் அவள் உடம்பு வாசனைக்கும் பங்குண்டு.

கடைசியாக ஒன்று. நாளைக்கு நம்மிடமே ஒருத்தி தயங்கித் தயங்கி வந்து இதைச் சொன்னால்? அவளிடம் கோபித்துக்கொள்ளாதீர்கள். மற்றவர்கள் முதுகுக்குப் பின்னால் சிரித்தபோது முகத்துக்கு நேரே வந்தவள் அவள். "நல்ல வேளை சொன்னே" என்று சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்து ஜாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள்.