சீட்டை இறக்கி வைத்த சைக்கிள்

1991-ல் நம் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது நானும் ஒரு தொண்டன். பகலில் பள்ளிக்கூடம், இரவில் அரிக்கேன் விளக்கு வகுப்பு. அப்போது கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அம்மையார், பெண்கள் சைக்கிள் பழகுவதையும் அறிவொளியின் ஒரு பகுதியாகவே ஆக்கிவிட்டார். லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் ஜென்ட்ஸ் சைக்கிளிலேயே பழகியவர்கள் ஏராளம். அந்தக் காட்சியைப் பார்த்தவர்கள் இதைப் படிப்பவர்களில் நிறையப் பேர் இருப்பீர்கள்.

பழக வருகிறவரிடம் சைக்கிளைக் கொடுப்பதற்கு முன் நாங்கள் செய்த முதல் வேலை, ஸ்பேனரை எடுத்து சீட்டை இறக்குவதுதான். இரண்டு காலும் தரையில் ஊன்ற வேண்டும். ஊன்றினால் பயம் போகும், பயம் போனால் பேலன்ஸ் தானாக வரும். பதினைந்து நாளில் அவர்களே சீட்டை ஏற்றிக்கொள்வார்கள். ஏற்றாமல் நெடுந்தூரம் மிதித்தால் முழங்கால் வலிக்கும். அதையும் முதல் நாளே சொல்லிவிடுவோம்.

முப்பது வருடத்துக்கு மேல் ஆன இந்தக் கதை இப்போது நினைவுக்கு வரக் காரணம் என் பேத்தி. இன்ஜினியரிங் இரண்டாம் வருடம் படிக்கிறாள். எங்கள் தெரு மகளிர் குழுவின் சேமிப்பு, கடன், வட்டிக் கணக்கை எழுத ஒரு மொபைல் செயலி செய்து தருகிறேன் என்று உட்கார்ந்தாள். இதற்கென்று ஆயத்தமாகக் கிடைக்கும் கட்டமைப்பு ஒன்றை எடுத்துக்கொண்டாள். எந்தக் கட்டமைப்பு என்பது இங்கே முக்கியமில்லை.

எழுதிய நிரலைச் செயலியாக மாற்றுவதை 'பில்ட்' என்கிறார்கள். அதில் இரண்டு வகை உண்டாம். ஒன்று பழகுவதற்கு: தப்பு நடந்தால் எந்த வரியில் என்று காட்டும், ஆனால் மெதுவாக ஓடும். மற்றது வெளியில் கொடுப்பதற்கு: வேகமாக ஓடும், தப்பை அவ்வளவாகக் காட்டிக்கொடுக்காது. நாம் எதையும் சொல்லாவிட்டால் கட்டமைப்பு தானாக எதை எடுத்துக்கொள்கிறதோ அதற்கு 'டீஃபால்ட்' என்று பெயர். தமிழில் முன்னிருப்பு என்கிறார்கள். பேத்தியின் செயலி முதலில் மாட்டுவண்டி போல ஓடியது. "எனக்கு நிரலே எழுத வரலை தாத்தா" என்று முகம் வாடிவிட்டாள். அது பழகுவதற்கான பில்ட் என்று இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது. வெளியீட்டு பில்ட் போட்டதும் சிட்டாய்ப் பறந்தது.

அப்படியானால் வேகமானதையே முன்னிருப்பாக வைக்கலாமே என்று நானும் முதலில் நினைத்தேன். அது தவறு. ரஸ்ட் என்று ஒரு கணினி மொழி இருக்கிறது. அதில் 255 வரை மட்டுமே கொள்ளும் சிறிய எண்ணோடு ஒன்றைக் கூட்டினால், பழகும் பில்ட் அங்கேயே நின்று "கணக்கு வழிகிறது" என்று கத்தும். வெளியீட்டு பில்ட், நாம் வேறு மாதிரி கேட்காவிட்டால், பழைய ஸ்கூட்டரின் கிலோமீட்டர் எண்கள் போலச் சத்தமில்லாமல் பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும். கற்றுக்கொள்கிறவருக்கு எது நல்லது? கத்துவதுதான். இன்னொன்று, ரஸ்ட் ஒவ்வொரு முறை பழகும் பில்ட் முடித்ததும், "இது வேகத்துக்காகச் செப்பனிடப்படாதது" என்ற பொருளில் திரையில் ஒரு வரி எழுதிவிடும். எனக்குப் பிடித்தது அந்த ஒரு வரி. சீட்டை இறக்கிக் கொடுத்ததோடு, இறக்கியிருக்கிறோம் என்றும் சொல்லிவிடுகிறது.

சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதையும் நாங்கள் பார்த்தோம்.

ஆண்ட்ராய்டு போனில் ஏறும் ஒவ்வொரு செயலிக்கும் ஒரு மின்னணுக் கையெழுத்து வேண்டும். அதன் புதிய பதிப்பு வந்தால் அதே கையெழுத்து இருக்கிறதா என்று போன் ஒப்பிட்டுப் பார்க்கும், பாங்கில் மாதிரிக் கையெழுத்தைப் பார்ப்பது போல. இல்லாவிட்டால் ஏற்றாது. நியாயமான காவல்தான். ஆனால் புதிதாகப் பழகுகிறவருக்கு இந்தச் சாவி விஷயம் தலைசுற்றும் என்று, கருவியே அந்த லேப்டாப்பில் ஒரு தற்காலிகச் சாவியை உண்டாக்கிப் போட்டுக்கொண்டது. பேத்திக்கு அது தெரியாது. செயலி வேலை செய்தது. குழுத் தலைவியின் போனில் ஏற்றிக் கொடுத்தோம்.

நான்கு மாதம் கழித்து லேப்டாப் பழுதாகி ஃபார்மட் செய்தார்கள். பழைய சாவி போய்ப் புதுச் சாவி வந்துவிட்டது. புதிய பதிப்பைப் போன் ஏற்க மறுத்தது. "பழசை எடுத்துட்டுப் போடும்மா" என்று யோசனை சொன்னவன் நான்தான். எடுத்தோம். நான்கு மாதக் கணக்கும் அதோடு போயிற்று. பாஸ்புக்கையும் பெண்களின் ஞாபகத்தையும் வைத்து மூன்று சாயங்காலம் உட்கார்ந்து திரும்ப எழுதினோம். ஒருவருக்கு ஐம்பது ரூபாய் இடித்தது. அதை நான் போட்டுச் சரிசெய்தேன். குழுத் தலைவி கோபப்படவில்லை. "நோட்டுல எழுதுனது எங்கேயும் போனதில்ல சார்" என்றார். அவ்வளவுதான். பேத்தி அன்று இரவு சாப்பிடவில்லை.

சென்னையில் கணினி வேலை பார்க்கும் என் தம்பி மகன், "அதுக்குத்தான் பெரியப்பா, எல்லாத்தையும் லேசாக்கிக் கொடுக்கக் கூடாது. கஷ்டப்பட்டுப் படிச்சுட்டு வரட்டும்" என்றான். அவன் பேச்சில் பாதி உண்மை இருக்கிறது. எங்களைக் கவிழ்த்தது லேசான முன்னிருப்புதான். ஆனால் முதல் நாளே சாவி உண்டாக்கு, அதைக் காப்பாற்று என்றெல்லாம் கேட்டிருந்தால் பேத்தி அன்றைக்கே லேப்டாப்பை மூடியிருப்பாள். தெரிந்தவன் ஒரு வரி மாற்றி எழுதிக்கொள்வான். தெரியாதவளுக்கு அப்படி ஒரு வரி இருப்பதே தெரியாது. ஆகவே முன்னிருப்பு தெரியாதவருக்காகத்தான் இருக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஆனால் லேசாக்குவது வேறு, மறைப்பது வேறு. வெளியில் கொடுக்கும் பில்டைப் போடும் அந்த நேரத்தில், "இது தற்காலிகச் சாவி, பிறர் போனில் ஏற்றுவதற்கு முன் சொந்தச் சாவி செய்துகொள்" என்று திரையில், முடிந்தால் தமிழிலும், இரண்டு வரி வந்திருந்தால் போதும். கையேட்டின் நாற்பதாம் பக்கத்தில் இருப்பது சொன்னதாகாது. சீட்டை இறக்கி வையுங்கள். அந்த நட்டு எங்கே இருக்கிறது என்பதையும் காட்டிவிடுங்கள். கட்டமைப்பு செய்கிறவர்களிடம் ஒரு பழைய வாத்தியார் கேட்பது இவ்வளவுதான்.

பேத்தி இப்போது சொந்தச் சாவி செய்துவிட்டாள். அதன் பிரதி ஒன்று பென்டிரைவில், எங்கள் வீட்டுப் பத்திரத்தோடு பீரோவில் இருக்கிறது. கணக்கையும் மாதம் ஒரு முறை வேறிடத்தில் சேமிக்கும்படி செயலியை மாற்றியிருக்கிறாள். குழு மறுபடி அதில்தான் எழுதுகிறது. தலைவி மட்டும் நோட்டிலும் எழுதி வருகிறார். அதை நிறுத்தச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.