முதல் காலடியும் முடியாத பயணமும்

விண்வெளியைப் பற்றி நம் மாணவர்களிடம் வினவினால் விடைகள் மளமளவென்று வந்து விழும். விண்வெளிக்கு முதலில் சென்றவர் யூரி ககாரின், 1961. சந்திரனில் முதலில் கால் பதித்தவர் நீல் ஆம்ஸ்ட்ராங், 1969. மலேசியாவின் முதல் விண்வெளி வீரர் டாக்டர் ஷேக் முசாபர், 2007. புதிர்ப் போட்டியில் பரிசு பெற இவை போதும். பெயரும் ஆண்டும் நினைவில் இருப்பது நன்றே. அதனை நான் குறை கூறவில்லை. ஆயினும், விண்வெளிப் பாடம் இந்த ‘முதல்’களோடு முற்றுப்பெற்றுவிடுவது நம் பிள்ளைகளுக்குப் பேரிழப்பு என்பதே என் கருத்து. செய்ய வேண்டியவற்றையெல்லாம் எவரோ செய்து முடித்துவிட்டனர், இனி எஞ்சியிருப்பது அவர்தம் பெயரை எழுதிப் புள்ளி பெறுவது ஒன்றே என்று அப்பிஞ்சு நெஞ்சங்கள் முடிவு கட்டிவிடுகின்றன.

வகுப்பறையில் சொல்லப்பட வேண்டிய வேறொரு கதை உண்டு. அது வாயேஜர் என்னும் இரட்டைக் கலங்களின் கதை. 1977-ஆம் ஆண்டு ஆகஸ்டு 20-இல் வாயேஜர் 2, செப்டம்பர் 5-இல் வாயேஜர் 1 என இரண்டும் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்திலிருந்து ஏவப்பட்டன. பின்னே புறப்பட்டதற்கு ஒன்று என எண்ணிட்டது ஏன் என மாணவர் கேட்பர். அது விரைவான வழியில் சென்று வியாழனை முதலில் அடையும் என்பதே காரணம். மனிதர் எவரும் ஏறிச் செல்லாத இக்கலங்கள் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 720 கிலோகிராம் எடையுடையவை.

வியாழன், சனி, யுரேனஸ், நெப்டியூன் ஆகிய நான்கு கோள்களையும் ஒரே கலம் ஒன்றன்பின் ஒன்றாகக் காணத்தக்க அமைப்பு ஏறத்தாழ 175 ஆண்டுகளுக்கு ஒருமுறையே வாய்க்கும். அது 1970-களின் இறுதியில் வாய்க்கவிருப்பதை 1965-ஆம் ஆண்டில் கணக்கிட்டுக் கண்டவர் கேரி ஃபிளாண்ட்ரோ என்னும் ஆராய்ச்சி மாணவர். எதிரே ஓடிவரும் லாரியின்மீது எறிந்த ரப்பர்ப் பந்து, எறிந்த வேகத்தினும் மிகுந்த வேகத்தோடு திரும்பும். அதுபோலவே, சூரியனைச் சுற்றி ஓடும் வியாழனின் ஈர்ப்பில் சிக்கி வளைந்து வெளிப்படும் கலம், அக்கோளின் ஓட்டத்திலிருந்து சிறிது வேகத்தைப் பெற்றுக்கொள்கிறது. எரிபொருள் செலவின்றிக் கிடைக்கும் உந்துதல் இது. இதனால் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் பிடிக்க வேண்டிய நெப்டியூன் பயணம் பன்னிரண்டு ஆண்டுகளில் முடிந்தது.

வழியில் கண்ட காட்சிகளை இங்கு விரித்துரைக்க இடமில்லை. 1979-இல் வியாழனின் துணைக்கோளாகிய ஐயோவில் எரிமலை வெடிப்பதை வாயேஜர் 1 எடுத்த படம் காட்டியது. 1986-இல் யுரேனஸையும் 1989-இல் நெப்டியூனையும் வாயேஜர் 2 அணுகிக் கண்டது. என் உள்ளத்தைப் பெரிதும் கவர்ந்தது அக்காட்சிகளன்று. அவற்றைக் காண்பதற்கு மனிதர் பட்ட பாடே.

வாயேஜர் 2 புறப்பட்டு ஓராண்டு நிறைவதற்குள், 1978 ஏப்ரலில், பூமியின் கட்டளைகளைக் கேட்கும் அதன் வானொலி வாங்கி பழுதாகிவிட்டது. மாற்றாக வைத்திருந்த இரண்டாவது வாங்கியிலும் குறை இருந்தது. அலைவரிசை சற்றே நகர்ந்தாலும் அதனைப் பின்தொடர்ந்து பிடிக்கும் ஆற்றலை அது இழந்திருந்தது. கேட்பவரின் செவி மந்தமானால் பேசுபவர்தாமே தம் குரலைத் திருத்திக்கொள்ள வேண்டும்? பொறியாளர்கள் அவ்வாறே செய்தனர். பூமியின் சுழற்சியால் அலைவரிசை எவ்வளவு மாறும், கலத்தின் வெப்பநிலை மாறினால் அந்த வாங்கி எந்த அலைவரிசைக்கு நகரும் என்றெல்லாம் கணித்து, அதற்கேற்ப அலையைத் திருத்தி அனுப்பினர். யுரேனஸையும் நெப்டியூனையும் கண்டது இந்தச் செவி மந்தமான கலமே. யுரேனஸில் வெயில் மங்கல். படமெடுக்க நெடுநேரம் வேண்டும். விரைந்து செல்லும் கலத்திலிருந்து எடுத்தால் படம் குழம்பும். எனவே படம் எடுக்கும் வேளையில் கலம் முழுவதையும் மெல்லத் திருப்பும்படி, புறப்பட்டுப் பல ஆண்டுகள் கழித்துப் புதுக் கட்டளைகளை எழுதி அனுப்பினர். அக்கோளைச் சுற்றும் பத்துப் புதிய துணைக்கோள்கள் அப்பயணத்தில் அறியப்பட்டன. அதன்பின் இன்றுவரை வேறெந்தக் கலமும் அவ்விரு கோள்களின் அருகே சென்றதில்லை.

இக்கலங்களில் உள்ள கணினிகளின் நினைவகம் எல்லாவற்றையும் கூட்டினாலும் ஏறத்தாழ 70 கிலோபைட்டுத்தான். இன்றைய கைப்பேசியில் எடுக்கும் ஒரு புகைப்படத்தை வைக்கக்கூட அவ்விடம் போதாது. “எங்கள் பள்ளியில் கருவி இல்லை, வசதி இல்லை, ஆகவே அறிவியல் வளரவில்லை” என்போர் இவ்வெண்ணிக்கையைச் சற்று எண்ணிப் பார்த்தல் நலம். வசதி வேண்டாமென்று நான் வாதிடவில்லை; வசதி வரும்வரை சிந்தனைக்கு விடுமுறை அளிக்க வேண்டியதில்லை என்றே கூறுகிறேன்.

2023 நவம்பரில் வாயேஜர் 1 பொருளற்ற செய்திகளை அனுப்பத் தொடங்கிற்று. அப்போது அது பூமியிலிருந்து 2,400 கோடி கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்தது. ஓர் அறிவிப்பு சென்று சேர இருபத்திரண்டரை மணி நேரம், மறுமொழி வர மேலும் அவ்வளவு நேரம். கலத்தை வடிவமைத்தவர்களுள் பலர் ஓய்வு பெற்றுவிட்டனர், சிலர் மறைந்தும்விட்டனர். எஞ்சியிருந்தவை அவர்கள் எழுதி வைத்த பழந்தாள்கள். அவற்றையும் புரட்டி ஆராய்ந்து, நினைவகத்தின் ஒரு சில்லு செயலிழந்ததே காரணமெனக் கண்டனர். அதனை மாற்ற அங்கே செல்வார் யார்? அதில் இருந்த கட்டளைத் தொடரை மொத்தமாக வைக்க வேறோரிடமும் இல்லை. எனவே அதனைத் துண்டு துண்டாகப் பிரித்து, நினைவகத்தில் கிடைத்த சிறு சிறு இடங்களில் வைத்து, மீண்டும் ஒன்றாக இயங்குமாறு இணைத்தனர். 2024 ஏப்ரல் 18-இல் முதல் கட்டளை சென்றது. 20-ஆம் நாள் கலத்தின் நலம் குறித்த செய்தி மீண்டும் தெளிவாக வந்தது. சந்திரனில் வைத்த காலடிக்கு இப்பணி எவ்வகையிலும் குறைந்ததன்று என்பேன்.

இங்கே ஒரு சிறு வருத்தத்தையும் சொல்லிவிடுகிறேன். இக்கலங்களில் ஐம்பத்தைந்து மொழிகளில் வாழ்த்துரை பதித்த பொன் முலாம் பூசிய இசைத்தட்டு வைக்கப்பட்டுள்ளது. தெலுங்கு உண்டு, கன்னடம் உண்டு, சிங்களமும் உண்டு; தமிழ் இல்லை. தமிழர் பலருக்கு இது மனக்குறை, எனக்கும்தான். எனினும், தட்டில் தமிழ் இல்லாததைப் பேசுகின்ற அளவுக்கு, அத்தட்டைச் சுமந்து செல்லும் கலம் எவ்வாறு இயங்குகிறது என்பதைத் தமிழில் பேசுகிறோமா? அக்குறையை நீக்க எவருடைய அனுமதியும் நமக்கு வேண்டியதில்லை.

பிள்ளைகளுக்கு வீரர்களின் கதையே சுவைக்கும், இயந்திரத்தின் கதை சலிப்பூட்டும் என்று சிலர் மறுப்பர். அதில் ஓரளவு உண்மையுண்டு. அதற்காகவே சொல்கிறேன், வாயேஜரைச் சொல்லும்போது எட் ஸ்டோன் என்பவரையும் சேர்த்துச் சொல்லுங்கள். 1972 முதல் 2022 வரை ஐம்பது ஆண்டுகள் இத்திட்டத்தின் தலைமை அறிவியலாராக இருந்தவர் அவர். 2024 ஜூன் மாதத்தில் மறைந்தார். எந்தப் புதிர்ப் போட்டியிலும் அவர் பெயரை எவரும் கேட்டு நான் அறியேன்.

கலங்களின் மின்சாரம் ஆண்டுக்கு ஏறத்தாழ 4 வாட் குறைந்து வருகிறது. அதனால் 2024, 2025 ஆகிய ஆண்டுகளில் சில கருவிகள் நிறுத்தப்பட்டன. என்றேனும் ஒருநாள் அவை பேசாமல் போகும். அதற்குமுன் ஆறாம் ஆண்டு வகுப்பில் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஒளியும் வானொலி அலையும் நொடிக்கு ஏறத்தாழ மூன்று இலட்சம் கிலோமீட்டர் செல்லும். 2023 ஜூலையில் தவறாக அனுப்பிய கட்டளையொன்றால் வாயேஜர் 2-இன் ஆன்டெனா பூமியை விட்டு 2 பாகை விலகியது. ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் உள்ள பெரிய ஆன்டெனாவிலிருந்து மிகுந்த ஆற்றலோடு திருத்தக் கட்டளை அனுப்பினர். கலம் கேட்டதா இல்லையா என்பது 37 மணி நேரம் கழித்தே தெரிந்தது. அப்படியாயின் கலம் எவ்வளவு தொலைவில் இருந்தது? மாணவரே பெருக்கிக் காணட்டும். அந்த 37-ஐ முதலில் இரண்டால் வகுக்க வேண்டும் என்பதை மட்டும் ஆசிரியர் முன்கூட்டியே சொல்லிவிடக் கூடாது.