சாலையில் போகும் நேரத்துக்குக் கணக்கு எங்கே?

திண்டிவனம் தாண்டியாயிற்று என்று டிரைவர் போன் செய்தால், சரக்கு இறக்க ஆட்களை வரச் சொல்லிவிட்டுக் கடையில் உட்கார்ந்திருக்கிறோம். வண்டியோ செங்கல்பட்டு, பெருங்களத்தூர், தாம்பரம் என்று ஊர்ந்து வருகிறது. காலை நெரிசல் நேரத்தில் சென்னைக்குள் கனரக வாகனங்களுக்குத் தடை. அதற்குள் நுழைய முடியாமற்போனால் அரை மணித் தாமதம் பல மணித் தாமதமாகிவிடும். காத்திருந்த ஆட்களுக்குக் கூலி, லாரிக்கு ஹால்டிங், இரண்டும் நம் தலையில்தான். மளிகை மூட்டையாவது காத்திருக்கும். கோயம்பேட்டுக்கு வரும் தக்காளி காத்திருக்குமா?

இந்த இழப்பை எந்த அரசுக் கணக்கிலும் நாம் பார்த்ததில்லை. சாலையோரம் நின்று வண்டிகளை எண்ணுகிறார்கள். கார் ஒன்று என்றால் லாரி மூன்று என்று கணக்கிடுகிறார்கள். சாலையை அகலப்படுத்தலாமா என்று தீர்மானிக்க அது உதவும். ஆனால் அதில் ஒரு வேடிக்கை உண்டு. நெரிசல் முற்றி வண்டிகள் நின்றுவிட்டால், அந்த இடத்தைக் கடக்கும் எண்ணிக்கை குறைந்துவிடும். ஏட்டில் பார்த்தால் காலியான சாலைக்கும் அடைத்துக்கொண்ட சாலைக்கும் வித்தியாசம் தெரியாது! தாமதத்தை அறிய வேண்டுமானால் வண்டியை எண்ணினால் போதாது, ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு வர எடுத்த நேரத்தை அளக்க வேண்டும்.

அதற்குப் புதிதாக ஒரு கருவியும் வேண்டாம். 2021 பிப்ரவரி முதல் பாஸ்டேக் கட்டாயம். ஆத்தூர் சுங்கச்சாவடியை லாரி கடந்த நேரமும், பரனூரைக் கடந்த நேரமும் தானாகவே பதிவாகின்றன. ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால் பயண நேரம். நள்ளிரவில் சாலை காலியாக இருக்கும்போது ஆகும் நேரத்தை அதிலிருந்து கழித்தால் தாமதம். நம் கடைப் பையன்களே போட்டுவிடக்கூடிய கணக்கு. கட்டணம் எடுக்கப் பயன்படும் பதிவு, நம் காத்திருப்பைச் சொல்லவும் பயன்படட்டுமே! ஜி.எஸ்.டி. சாலையில் வரும் சரக்குக்கு ஜி.எஸ்.டி. வரியின் இ-வே பில்லில் கெடு உண்டு. 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்று நமக்கு அளந்து தருகிறார்கள். சாலைக்கு அப்படி ஒரு கெடு கிடையாது.

டிரைவர் வழியில் டீ குடிக்க நிறுத்தினால் கணக்கு தப்பாகாதா என்று கேட்கலாம். ஆயிரக்கணக்கான வண்டிகளை வரிசைப்படுத்தி நடுவில் நிற்கும் நேரத்தை எடுத்தால் டீக்கடை நேரம் பெரிதாகத் தெரியாது. வண்டி எண்ணை வெளியிடவும் வேண்டாம்.

ஆனால் சராசரியை மட்டும் சொல்லி நம்மை ஏமாற்றிவிடக் கூடாது. பத்து லோடில் எட்டு ஐந்து மணியிலும், இரண்டு ஒன்பது மணியிலும் வருவதாக வைத்துக்கொள்வோம். சராசரி ஆறு மணிக்குள்தான். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் எந்த இரண்டு என்று முன்கூட்டித் தெரியாததால் பத்துக்குமே கூடுதல் நேரம் ஒதுக்குகிறோம், கூடுதல் சரக்கை இருப்பு வைக்கிறோம், அதற்கு வட்டியும் கட்டுகிறோம். எனவே நடு நேரத்தோடு, நூற்றில் தொண்ணூற்றைந்து லாரிகள் எத்தனை மணிக்குள் வந்து சேர்ந்தன என்பதையும் மாதந்தோறும், காலை, மாலை, இரவு எனப் பிரித்து வெளியிட வேண்டும் என நெடுஞ்சாலை ஆணையத்தைக் கேட்கிறோம்.

அதுவரை நாம் சும்மா இருக்க வேண்டாம். லாரி ஏற்றிய நேரம், கிளம்பிய நேரம், கடை வாசலில் நின்ற நேரம் ஆகிய மூன்றையும் உறுப்பினர்கள் வரவுப் புத்தகத்தின் ஓரத்திலேயே குறித்து வரட்டும். மூன்று மாதக் குறிப்பு சேர்ந்ததும் சங்க அலுவலகத்தில் கொடுத்துவிடுங்கள். மனுவோடு அதையும் இணைத்து அனுப்புவோம்.