வழுக்கையும் மொட்டையும்

எஞ்சிய சில மயிர்களைச் சீப்பினால் இழுத்துப் படியவைத்து நெடுநாள் வழுக்கையை மறைத்து வந்தோம். வகுப்புப் பிள்ளைகள் நகைத்தது வழுக்கையைக் கண்டல்ல, நாம் மறைக்கும் பாட்டைக் கண்டே என்பது பின்னரே விளங்கிற்று. சென்ற ஞாயிறன்று முழுவதும் மழித்துக்கொண்டோம்.

தெருவில் சிலர், "திருப்பதியா?" என்றனர். சிலர், "வீட்டில் யாருக்காவது...?" என்று பாதியில் நிறுத்தினர். அன்னையாரோ, தகப்பனாருக்காக நாம் மழித்த நாளை நினைந்து கண் கலங்கினார்.

அமெரிக்காவில் பென்சில்வேனியா சர்வகலாசாலையினர் 2012-ல் வெளியிட்ட ஆராய்ச்சியின்படி, மயிருள்ள தலையைப் படத்தில் மழித்துக் காட்டினால், அம்மனிதர் ஏறக்குறைய ஓர் அங்குலம் உயரமாகவும் நூற்றுக்கு 13 பங்கு அதிக பலமுள்ளவராகவும் பிறருக்குத் தோன்றுகிறாராம்.

நாம் ஒரு நூலளவும் வளரவில்லை. ஆனால் திங்களன்று கரும்பலகைப் பக்கம் திரும்புகையில் முதுகு கூசவில்லை.