பழைய அட்டைக்கு வயது என்ன?

‘1930ஆம் ஆண்டின் பால்மரத் தோட்டப் பட அட்டை’ என்று ஈப்போவில் யாராவது நீட்டினால், அதிலுள்ள ஆண்டை மட்டும் நம்பாதீர்கள். இருட்டில் புறஊதா விளக்கைப் பிடியுங்கள். தாள் நீலமாகப் பளிச்சிட்டால் அதில் ஒளிர்வூட்டி கலந்திருக்கிறது. தாள் ஆலைகளில் அது பரவியது 1950 வாக்கில்தான்.

உருப்பெருக்கியில் பொடி மஞ்சள் புள்ளிகள் தெரிகின்றனவா? அது வண்ண லேசர் அச்சு. சில இயந்திரங்கள் அச்சான தேதியையே அப்புள்ளிகளில் ஒளித்து வைக்கும். 1996ஆம் ஆண்டின் சோதனை அட்டைகள் என விற்கப்பட்ட போக்கிமான் அட்டைகள் சில, 2024இல் அச்சானவை என்று இப்படித்தான் அம்பலமாயின.

ஒளிரவில்லை என்பதற்காகப் பழையது என்று முடிவுகட்டவும் கூடாது. பழைய வெற்றுத்தாளிலும் இன்று அச்சிடலாம்.

பேராக்கில் பல தோட்டங்கள் செம்பனையாகவும் வீடமைப்பாகவும் மாறிவிட்டன. பாட்டன்மார் வாழ்ந்ததற்குச் சாட்சி இத்தகைய காகிதங்களே. போலி ஒன்று புகுந்தால் உண்மையானதையும் யாரும் நம்பமாட்டார்கள். சோதித்த பிறகே சேர்த்து வையுங்கள்.