தெருக் கால்பந்து - நடுவீட்டில் விடலாமா?

"என்னங்க, அது என்ன விளையாட்டுன்னு பார்த்துட்டுத்தானே பையன் கையில கொடுத்தீங்க?" என்று தங்கமணி கேட்டார். பார்த்தேன் என்றேன். நான் பார்த்தது அட்டையில் இருந்த மெஸ்ஸி படத்தையும், மூலையில் '3' என்ற வயது முத்திரையையும் மட்டும்தான். ஹி ஹி.

ஜெர்மனிக்கு மூட்டை கட்டிய ஆபீஸ் நண்பர் ஒருவர் தன் பழைய பிளேஸ்டேஷன் 3-ஐ என் தலையில் கட்டிவிட்டுப் போனார். கூடவே வந்தது ஃபிஃபா ஸ்ட்ரீட். 2005-ல் தொடங்கிய வரிசையில் இது 2012-ல் வந்த நாலாவது ஆட்டம். பெரிய மைதானம், பக்கத்துக்கு 11 பேர் எல்லாம் கிடையாது. சின்ன இடத்தில் அஞ்சாறு பேர், சுவரில் பந்தை அடித்துத் திரும்ப வாங்கி ஆடுவார்கள்.

தங்கமணி கேட்டது உறுத்தியதால் ரெண்டு வாரம் நானும் கூடவே உட்கார்ந்து ஆடினேன். ரத்தம் இல்லை, துப்பாக்கி இல்லை. ஒரு ஆட்டம் சில நிமிஷம்தான். "இந்த மேட்ச் முடிச்சுட்டு வரேன்பா" என்று பையன் சொன்னால், தோசை ஆறுவதற்குள் நிஜமாகவே வந்துவிடுகிறான்.

ஆனால் முத்திரை சொல்லாத ஒரு விஷயம் இருக்கிறது. இதில் 'பன்னா' என்று ஒரு வகை ஆட்டம். எதிராளியின் கால் இடுக்கில் பந்தைத் தட்டி ஏமாற்றினால் புள்ளி. கோல் போட்டால்தான் சேர்த்த புள்ளி கணக்கில் ஏறும். ஜெயிப்பதோடு நிற்காமல், எதிராளியைக் கோமாளி ஆக்கினால் கூடுதல் மரியாதை! ஆறாம் வகுப்பு அண்ணன் ரெண்டாம் வகுப்புத் தங்கச்சியை அப்படி ஏழு தடவை ஏமாற்றிவிட்டுக் கைகொட்டிச் சிரித்தான். அவள் கன்ட்ரோலரைக் கீழே போட்டுவிட்டு அழுதுகொண்டே உள்ளே போனாள். தங்கமணி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே... சரி விடுங்க.

மருந்தும் அதே டிஸ்க்கில் இருந்தது. இன்னொரு வகையில், கோல் போடும் அணி ஒவ்வொரு கோலுக்கும் ஒரு ஆளை வெளியே அனுப்ப வேண்டும். முதலில் ஆள் காலியாகும் அணிக்கு வெற்றி. அதாவது முன்னால் போகப் போக ஆடுவது கஷ்டம். அண்ணன் ஒரே ஆளோடு திண்டாட, சின்னவள் முழு அணியோடு சுற்றி வளைத்தாள். அன்று வீட்டில் அழுகை இல்லை. இப்போது எங்கள் வீட்டுச் சட்டம்: தங்கச்சியோடு ஆடினால் இந்த ஆட்டம் மட்டும்தான்.

இன்னொன்று, பெட்டியை நெட்டில் இணைக்கவே இல்லை. பின்னால் வந்த ஃபிஃபா ஆட்டங்களில், உள்ளே எந்த வீரர் இருப்பார் என்று தெரியாமலே காசு கொடுத்து 'பேக்' பிரிக்கும் பழக்கம் வேரூன்றிவிட்டது. இது சூதாட்டம் என்று பெல்ஜியம் 2018-ல் சொன்னதும், 2019 தொடக்கத்தில் அந்த நாட்டில் மட்டும் அதற்கான பாயின்ட் விற்பனையை நிறுத்தினார்கள். நம் கிரெடிட் கார்டை நாம்தான் காக்க வேண்டும்.

ஆக, குடும்பத்துக்கு ஏற்றதா? ஹாலில், ரெண்டு கன்ட்ரோலரோடு, பக்கத்தில் பெரியவர் ஒருவர் இருந்தால் தாராளமாக. கதவைச் சாத்திக்கொண்டு தனியாக என்றால் என் ஓட்டு இல்லை.

என்னை அசைத்தது வேறு. புனேவுக்கு வந்து ஒன்றரை வருஷமாகியும் பையனுக்கு நண்பன் என்று ஒருத்தன் கிடையாது. மராத்தி வராது, இந்தி அரைகுறை. இந்த ஆட்டத்துக்காகத்தான் எதிர்வீட்டுப் பையன் முதல்முறையாக எங்கள் வீட்டுப் படி ஏறினான். கோலுக்குக் கத்த பாஷை எதற்கு? ரெண்டு நாள் கழித்து ரெண்டு பேரும் நிஜப் பந்தோடு கீழே இறங்கினார்கள். பத்தே நிமிஷத்தில் திரும்பி வந்தார்கள். சொசைட்டியில் 'பந்து விளையாடக் கூடாது' என்று போர்டு இருக்கிறதாம், வாட்ச்மேன் விரட்டிவிட்டாராம்.

டிவிக்குள் தெரு இருக்கிறது, வாசலில் இல்லை. சாயங்காலம் ஒரு மணி நேரமாவது பசங்களை ஆட விடச் சொல்லி கமிட்டிக்கு மனு எழுதி வைத்திருக்கிறேன். எதிர்வீட்டுக்காரரும் கையெழுத்துப் போட்டுவிட்டார். ஞாயிற்றுக்கிழமை மீட்டிங். பார்ப்போம்.